பழைய மெட்டும் புதிய வேடமும்: ரீமிக்ஸ், மேஷப், கவர் பாடல்களைத் தேடிக் கேட்பது எப்படி?

குடியாத்தத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். கைபேசியில் தானாக வந்து விழும் அரை நிமிடத் துண்டுகளைத் தாண்டி, நல்ல ரீமிக்ஸ்களையும் மேஷப்களையும் கவர் பாடல்களையும் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்பது முதல் கேள்வி. இவை எல்லாமே பழைய பாட்டைக் கெடுக்கும் வேலை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்களே, நல்லதையும் கெட்டதையும் எதை வைத்துப் பிரிப்பது என்பது இரண்டாவது. அம்மனின் சிரசை ஊர்வலமாக எடுத்துவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போது தெருவில் ஒலிபரப்ப இரண்டு பாட்டுகளை இணைத்து ஒரு மேஷப் தயாரித்து, பின்னர் அதை யூடியூபிலும் ஏற்ற நினைக்கிறோம், அதனால் சிக்கல் வருமா என்பது மூன்றாவது. வேலூர், திருப்பத்தூர் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் பல காலம் கீபோர்டு வாசித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

மூன்று வகைகளையும் முதலில் பிரித்துக்கொள்வோம். ஒருவர் பாடிய பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடியோ வாசித்தோ பதிவுசெய்தால் அது கவர். ஏற்கெனவே உள்ள பதிவையோ அதன் மெட்டையோ எடுத்து, தாளக்கட்டையும் ஒலிகளையும் மாற்றி அமைத்தால் அது ரீமிக்ஸ். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகவோ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியோ பின்னினால் அது மேஷப். நம் திரைப்படங்களில் ரீமிக்ஸ் என்ற பெயரில் வந்தவற்றில் பெரும்பகுதி உண்மையில் புதிதாகப் பாடப்பட்ட கவர்களே. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, நாமும் கவலைப்பட வேண்டியதில்லை.

பெரியவர்கள் சொல்லும் குறையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அந்தக் குறை பாதி நியாயமானது. மெட்டை எடுத்து வேறு வேடம் கட்டி ஆடவிடுவது நம் வட்டாரத்துக்குப் புதிதே அல்ல. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். படிப்பவருக்கு அந்த மெட்டு முன்பே தெரியும் என்பதே அதன் பொருள். காவடிச்சிந்தின் மெட்டிலும் ஆனந்தக் களிப்பின் மெட்டிலும் எத்தனையோ புலவர்கள் எழுதியிருக்கிறார்கள், பாரதியாரும் எழுதியிருக்கிறார். செய்யாறு பக்கத்துப் புரிசை முதலாக வட ஆற்காட்டில் தெருக்கூத்து வேரூன்றிய ஊர்களில், நள்ளிரவில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அந்தந்தக் காலத்துச் சினிமா மெட்டில் கேலியாக நாலு வரி எடுத்துவிட்டால் தூங்கிக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து உட்காரும். ஆடி மாதத்தில் ஒலிபெருக்கியில் வரும் அம்மன் பாட்டுகளில் கணிசமானவை திரைமெட்டில் எழுதப்பட்டவை. கலியாண ஊர்வலத்தில் பேண்ட் செட் வாசிப்பதும், வாசலில் நாதஸ்வரக்காரர் கீர்த்தனைகளுக்குப் பிறகு வேண்டுகோளின் பேரில் வாசிக்கும் திரைப்பாட்டும் கவரேயன்றி வேறில்லை. ஆகவே மாற்றுவது தவறு என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. காரணமில்லாமல் மாற்றுவது தவறு என்றால் அதை முழுமையாக ஏற்கிறேன், பெரியவர்கள் சொல்ல வருவதும் பெரும்பாலும் இதுதான்.

திரைப்பட ரீமிக்ஸ் அலையைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். 1983-ல் 'அடுத்த வாரிசு' படத்தில் இளையராஜா அமைத்த 'ஆசை நூறு வகை' பாட்டை, 2003-ல் 'குறும்பு' படத்துக்காக யுவன் சங்கர் ராஜா மீண்டும் எடுத்ததையே தமிழ்த்திரை ரீமிக்ஸ்களின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இது தொற்றிக்கொண்டது. 'மிஸ்டர் பாரத்' படத்தின் 'என்னம்மா கண்ணு' 2006-ல் 'திருவிளையாடல் ஆரம்பம்' படத்துக்கு வந்தது. 1970-ல் 'சொர்க்கம்' படத்துக்காக எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'பொன்மகள் வந்தாள்' 2007-ல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் கையில் வேறு உருவம் எடுத்தது. அதே ஆண்டு வந்த 'பில்லா' படத்தில் 1980-ஆம் ஆண்டுப் படத்தின் 'மை நேம் இஸ் பில்லா', 'வெத்தலையைப் போட்டேண்டி' ஆகிய இரண்டு பாட்டுகளும் திரும்ப வந்தன. இந்த அலையில் எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது 'மை நேம் இஸ் பில்லா'. பழைய மெட்டில் ஒரு சொற்றொடருக்கும் அடுத்ததற்கும் இடையில் நல்ல இடைவெளி உண்டு, புதிய தாளமும் கிதாரும் அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துகொண்டன, மெட்டு நசுங்கவில்லை. அந்தக் காலத்து வேறு பல ரீமிக்ஸ்களில், சங்கதிகளால், அதாவது ஒரே வரியை அழகுபடுத்தி மாற்றி மாற்றிப் பாடும் சுர வேலைப்பாடுகளால், நிறைந்த மெட்டின் மேல் ஓயாத டிரம்ஸைப் போட்டு, பாடகர் மூச்சுவிடும் இடத்தில் ஆங்கில ராப் ஒன்றையும் செருகி வைத்தார்கள். கேட்டவர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை. பாட்டை ஆக்கியவர்களே முகம் சுளித்ததும் உண்டு. 2009-ல் 'டெல்லி-6' படத்துக்குத் தாம் அமைத்த 'மசக்கலி' பாட்டின் புதிய வடிவம் 2020-ல் வெளியானபோது, ரஹ்மான் மூலப் பாட்டையே கேட்கும்படி வெளிப்படையாக எழுதினார்.

இனித் தேடுவதற்கு வருவோம். கைபேசிச் செயலி தானாகக் காட்டுவதை நம்பியிருந்தால், ஏற்கெனவே பலரும் பார்த்ததும், பாதியில் நிறுத்தாமல் பார்த்ததுமே உங்கள் முன் வரும். நான் சொல்லும் வழி மெதுவானது. ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள், அதன் எல்லா வடிவங்களையும் தேடுங்கள், இரண்டு வாரம் அதோடு இருங்கள். நம் ஊர்க்காரர் என்ற உரிமையில் வாணி ஜெயராமின் பாட்டுகளில் தொடங்கலாம். 1945-ல் வேலூரில் பிறந்து 2023 பிப்ரவரியில் மறைந்த அவர், 'அபூர்வ ராகங்கள்' படத்தின் 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாட்டுக்காகத் தேசிய விருது பெற்றவர். அது ராகமாலிகை, சரணத்துக்குச் சரணம் ராகம் மாறும். ஆகையால் அதற்குக் கவர் பாடுபவரின் பயிற்சி எந்த அளவு என்பது இரண்டாவது சரணத்துக்குள் தெரிந்துவிடும். பாதிச் சரணங்களை விட்டுவிட்டு முடித்துக்கொள்ளும் கவர்களும் ஏராளம், அவற்றை நான் பாட்டின் விளம்பரம் என்றே எண்ணிக்கொள்வேன்.

அவர் பாடியவற்றில் இந்தப் பயிற்சிக்கு இன்னும் பொருத்தமானது 1981-ல் வந்த 'பாலைவனச் சோலை' படத்தின் 'மேகமே மேகமே'. சங்கர்-கணேஷ் இசையில் வைரமுத்து எழுதிய அந்தப் பாட்டு, ஜக்ஜித் சிங் பாடிய 'தும் நஹீன் கம் நஹீன்' என்ற உருது கஜலைத் தழுவியது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் உருது பேசும் நண்பர்கள் உங்களுக்கு நிச்சயம் இருப்பார்கள், அவர்களில் ஒருவரோடு அமர்ந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கஜலில் பாடகர் ஒரு வரியைப் பாடிவிட்டு அவசரமில்லாமல் நிறுத்துகிறார், தமிழ்ப்பாட்டில் அதே ஓட்டம் ஒரு கதாபாத்திரத்தின் துயரமாக மாறுகிறது. அதன் பிறகு இன்றைய இளம் பாடகர்கள் கிதாரோடு பாடிய வடிவங்களைக் கேட்டால், ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் சாய்கிறார், கஜலின் பக்கமா திரையின் பக்கமா என்று காது தானாக அளக்கத் தொடங்கிவிடும்.

தேடும்போது பாட்டின் முதல் வரியைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் அடித்துப் பாருங்கள். எழுத்து மாறினால் வரும் முடிவுகளும் மாறும். பாட்டின் பெயரோடு கவர் என்று மட்டும் போடாமல் வீணை, நாதஸ்வரம், புல்லாங்குழல், பியானோ, அன்பிளக்ட் (மின்கருவிகள் இல்லாத எளிய வடிவம்), லோஃபை (மங்கலான, மென்மையான ஒலியுள்ள வடிவம்), நேரலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடினால், தானாக ஒருபோதும் மேலே வராத வடிவங்கள் கிடைக்கும். கருவியிசைக் கவர்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு, சொல் இல்லாததால் மெட்டின் எலும்பு தெரியும். ராஜேஷ் வைத்யா வீணையில் வாசிக்கும் திரைப்பாட்டுகளை இதற்காகவே கேட்கலாம். பாட்டின் பெயர் தெரியாமல் மெட்டு மட்டும் நினைவிலிருந்தால், கூகுள் தேடலில் முணுமுணுத்துக் கண்டுபிடிக்கும் வசதி 2020 முதல் இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் பதிவை அடையாளம் காண ஷசாம் என்ற செயலி இருக்கிறது. எந்தப் பாட்டின் துண்டு எந்தப் பாட்டில் எடுத்தாளப்பட்டது என்று பார்க்க ஹூசாம்பிள்ட் என்ற தளம் உதவும். இன்னொரு பழக்கமும் நல்லது. ஒரு கவர் பிடித்திருந்தால் பாடியவர் பெயரோடு நிற்காமல், விவரக்குறிப்பில் இசைக்கோப்பு செய்தவர், கிதார் வாசித்தவர், ஒலிக்கலவை செய்தவர் ஆகியோரின் பெயர்களைப் பார்த்து அவர்களைப் பின்தொடருங்கள். நல்ல கவரின் பாதி உயிர் பாடகர் கையில் இல்லை.

மொழி தாண்டித் தேடுவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. காட்பாடியைத் தாண்டினால் சித்தூர், தெலுங்குப் பாட்டு நம் தேநீர்க் கடைகளில் அந்நியமாக ஒலிப்பதில்லை. 1982-ல் மலையாளத்தில் 'ஓளங்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த 'தும்பீ வா' மெட்டு, அதே ஆண்டில் தமிழில் 'ஆட்டோ ராஜா' படத்தில் 'சங்கத்தில் பாடாத கவிதை' ஆனது, தெலுங்கில் 'நிரீக்‌ஷணா' படத்திலும் ஒலித்தது, 2009-ல் 'பா' என்ற இந்திப் படத்தில் 'கும்சும் கும்' என்று மீண்டும் பிறந்தது. ஆக்கியவரே தம் மெட்டைத் திருப்பி எழுதும்போது எதை விடுகிறார், எதை விட மறுக்கிறார் என்று பார்ப்பதைப் போன்ற பாடம் வேறில்லை. கடல் கடந்து போன துண்டுகளும் உண்டு. 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் 'உனக்கும் எனக்கும்' பாட்டை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 2003-ல் தங்கள் 'எலிஃபங்க் தீம்' பாட்டில் எடுத்தாண்டது. 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' தாளத்தை, ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் பாடகி எம்.ஐ.ஏ. 2007-ல் 'பாம்பூ பங்கா' பாட்டில் பயன்படுத்தினார். ரஜினி படத்துப் பாட்டுத்தானே என்று நாம் கடந்துபோன இடத்தில் அவர்கள் ஒரு சில நொடித் தாளத்தைக் கேட்டு நின்றிருக்கிறார்கள்.

ஒன்றையுமே மாற்றாமல் பாட்டு புதிதாவதும் அண்மைக்காலத்தில் பெருகியிருக்கிறது. 'விக்ரம்' படத்தில் 'சக்கு சக்கு வத்திக்குச்சி', 'லியோ' படத்தில் 'கரு கரு கருப்பாயி', 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'கண்மணி அன்போடு காதலன்', 'லப்பர் பந்து' படத்தில் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஆகியவை பழைய பதிவுகளாகவே வந்து புதிய தலைமுறையைப் பிடித்துக்கொண்டன. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் குழிக்குள் விழுந்த நண்பனை மீட்கும் காட்சியில் காதல் பாட்டு ஒலித்தபோது அதன் பொருளே இடம் மாறியது. நூறு ரீமிக்ஸ்கள் செய்ய முயன்றதை ஒரு சரியான இடம் செய்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது நல்லதை எப்படிப் பிரிப்பது என்பதற்கு, நான் பார்ப்பது நான்கு இடங்களை. முதலில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதார். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டிருக்கும். கவர் செய்பவர் அதை எடுத்துவிட்டு ஒரே சுரத்தில் தட்டிக்கொண்டிருந்தால் மேலே எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பாட்டு வெறுமையாகவே இருக்கும். இதைக் கேட்க வேண்டுமென்றால் கைபேசியின் சிறிய ஸ்பீக்கர் போதாது, தாழ்ந்த ஒலிகளை அது வெளியிடவே வெளியிடாது, சாதாரண இயர்போன் போதுமானது. அடுத்து இடையிசை. பழைய பாட்டின் இடையிசையை அப்படியே வாசித்தால் அது மெல்லிசைக் கச்சேரி, நாங்கள் மேடையில் செய்தது அதுதான், அதில் வெட்கமும் இல்லை. கவர் என்று தனியாகப் பதிவுசெய்பவர் அங்கே தம்முடைய ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவதாகச் சங்கதிகள். தெரிந்த பாட்டு என்பதால் வரிக்கு வரி கூடுதலாகச் சங்கதி போட்டுத் திறமை காட்டுவது போட்டி மேடைகளில் கைதட்டல் வாங்கித்தரும், வீட்டில் இரண்டாவது முறை கேட்கும்போது அலுத்துவிடும். கடைசியாக, இந்த வடிவத்தில் மூலம் சொல்லாத எதையாவது கேட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். வேகமான பாட்டை நிதானமாகப் பாடி, அதன் வரிகளில் ஒளிந்திருந்த வருத்தத்தை வெளியே எடுத்துக் காட்டிவிட்டால், அந்தக் கவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

நிதானம் என்றதும் இப்போது எங்கும் பரவியிருக்கும் 'ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்' வடிவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பதிவின் வேகத்தைக் குறைத்து, பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோல் எதிரொலி சேர்ப்பதுதான் இதன் தொழில்நுட்பம் முழுவதும். வேகத்தைச் சுமார் 11 விழுக்காடு குறைத்தால் சுருதி இரண்டு அரைச்சுரங்கள், அதாவது கீபோர்டில் இரண்டு அடுத்தடுத்த கட்டைகள், இறங்கும். பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கணக்கில், இரண்டு கட்டையில் பாடிய பாட்டு ஒரு கட்டைக்கு வந்துவிடும். அதனால்தான் பாடகியின் குரல் கனத்தும் பாடகரின் குரல் தூக்கக் கலக்கத்திலும் ஒலிக்கிறது. கமகங்களும், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் வளைவுகளும், அதே அளவு விரிவதால், விரைவில் கடந்துபோன ஒரு அசைவு நின்று நிதானமாகக் காதில் விழும். இரவுப் பேருந்தில் வேலூரிலிருந்து ஆரணி போகும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதைச் செய்ய ஒரு பொத்தான் போதும், ஆகையால் இதைச் செய்தவரைக் கலைஞர் என்று கொண்டாடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மேஷப் அப்படியல்ல, அதற்குக் காது வேண்டும். தமிழ்த்திரையில் அந்தப் பெயர் வருவதற்கு முன்பே செய்யப்பட்ட ஆகச் சிறந்த இணைப்பு 1985-ல் வந்த 'சிந்து பைரவி' படத்தில் இருக்கிறது. 'பாடறியேன் படிப்பறியேன்' என்று நாட்டுப்புற நடையில் தொடங்கும் பாட்டு, போகப்போக தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனைக்குள் நுழைந்துவிடும். அந்தக் கீர்த்தனை மரபில் காம்போஜி ராகத்தில் பாடப்படுவது. இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றியதால்தான் நாட்டுப்புற மெட்டும் கீர்த்தனையும் தையல் தெரியாமல் ஒட்டின. இரண்டில் ஒன்று தன் இடத்தைவிட்டு நகர வேண்டியிருந்தது, எது நகர்ந்தால் பாட்டின் கருத்துக்குப் பொருந்தும் என்று ஆக்கியவருக்குத் தெரிந்திருந்தது. சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித்தந்த பாட்டு அது.

நீங்கள் செய்யப்போகும் மேஷப்புக்கும் இதுவே வழி. ஒரே ராகத்தில் அமைந்த பாட்டுகள் எளிதில் சேரும். ரீதிகௌளையை எடுத்துக்கொண்டால் 'கவிக்குயில்' படத்தின் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 'ஒரு ஓடை நதியாகிறது' படத்தின் 'தலையைக் குனியும் தாமரையே', 'முதல்வன்' படத்தின் 'அழகான ராட்சசியே', 'சுப்ரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்' என்று 1977 முதல் 2008 வரை ஒரு வரிசையே கிடைக்கும். ஆனால் ராகம் மட்டும் போதாது. ஒன்று திஸ்ர நடையிலும் (மும்மூன்றாக எண்ணுவது) மற்றொன்று சதுஸ்ர நடையிலும் (நான்கு நான்காக எண்ணுவது) இருந்தால், என்ன செய்தாலும் தாளம் இடறும். வேகங்களுக்கு இடையே சிறிய வேறுபாடு இருந்தால் மென்பொருளில் சரிசெய்துவிடலாம், ஒன்று மற்றொன்றைப்போல் சரியாக இருமடங்கு வேகத்தில் இருந்தாலும் சேரும், இடைப்பட்டதுதான் தொல்லை. சுருதியை மாற்றும்போது குரலை இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் நகர்த்தாதீர்கள், அதற்குமேல் போனால் பாடுபவர் மனிதராகத் தெரியமாட்டார். குரலையும் கருவிகளையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க டீசர் நிறுவனம் 2019-ல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் போன்ற மென்பொருள்கள் உள்ளன. எல்லா ஒலியும் ஒரே தடத்தில் கலந்திருக்கும் பழைய மோனோ பதிவுகளில் குரலோடு வயலினின் நிழலும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவால் மறைந்த பாடகர் குரலில் புதிய பாட்டைப் பாடவைக்கும் கவர்கள் இப்போது பெருகிவிட்டன. 2024-ல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை, குடும்பத்தாரின் அனுமதி பெற்று அவர்களுக்கு ஊதியமும் கொடுத்து ரஹ்மான் பயன்படுத்தினார். அதே ஆண்டில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவருடைய மகன் சட்ட அறிவிப்பு அனுப்பினார். அனுமதி இல்லாத குரல் கவர்களை நான் கேட்பதில்லை, யாருக்கும் பரிந்துரைப்பதும் இல்லை. குரல் அச்சு அசலாக இருந்தாலும், எந்தச் சொல்லில் மூச்சை விட வேண்டும் என்ற முடிவு அந்தப் பாடகருடையதாக இருக்காது.

மூன்றாவது கேள்வி சட்டம் பற்றியது, இங்கே இரண்டு செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உண்மையான சமயச் சடங்குகளின் பகுதியாகப் பாட்டை இசைப்பதையும் பதிவை ஒலிக்கச் செய்வதையும் மீறலாகக் கருதுவதில்லை, கலியாண ஊர்வலமும் கலியாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அந்த விலக்கில் அடங்கும். ஆகவே சிரசு ஊர்வலத்தை ஒட்டித் தெருவில் பாட்டை ஒலிபரப்புவதால் உரிமையாளர்கள் பக்கமிருந்து தொல்லை வருவதற்கு வாய்ப்பு குறைவு. அதே விழாவுக்கென நுழைவுக்கட்டணம் வைத்துக் கச்சேரி நடத்தினால் கதை வேறு. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி தனியாக இருக்கிறது, அதைக் காவல் நிலையத்தார் உங்களுக்கு நினைவூட்டுவார்கள்.

யூடியூபில் ஏற்றுவது முற்றிலும் வேறு செயல், மேற்சொன்ன விலக்கு அங்கே உதவாது. ஒரு திரைப்பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, பதிவு. பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும், வரிகளுக்கும் மெட்டுக்கும் ஆக்கியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள். 1964-ல் வெளியான இசைத்தட்டின் பதிவுரிமை 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது, ஆனால் அதில் கண்ணதாசனின் வரிகள் இருந்தால் அவர் 1981-ல் மறைந்தவர் என்பதால் 2041 வரை உரிமை உண்டு. பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்ய 2012-ல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு ஒரு வழி தருகிறது. முதல் பதிவுக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், முன்னறிவிப்பும் முன்கூட்டிய உரிமைத்தொகையும் கொடுக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகை கட்ட வேண்டும், மெட்டையும் வரியையும் மாற்றக் கூடாது. தெருவில் பாட்டுப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்து செய்யக்கூடிய காரியமில்லை இது, மாற்றக் கூடாது என்ற நிபந்தனையால் மேஷப்புக்குப் பொருந்தவும் பொருந்தாது.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், நீங்கள் ஏற்றிய சில நிமிடங்களிலேயே யூடியூபின் தானியங்கி முறை பழைய பதிவை அடையாளம் கண்டுகொள்ளும். இசை நிறுவனம் தான் விரும்பியபடி உங்கள் காணொளியைத் தடுக்கலாம், அல்லது ஓடவிட்டு அதில் வரும் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும், வருமானம் உங்கள் நோக்கமாக இல்லாவிட்டால் அதனால் நட்டமில்லை. ஆனால் உரிமையாளர் முறைப்படி நீக்கக் கோரினால் அது உங்கள் கணக்கின் மேல் எச்சரிக்கைப் புள்ளியாக (ஸ்ட்ரைக்) விழும், 90 நாள்களுக்குள் மூன்று புள்ளிகள் சேர்ந்தால் கணக்கே முடக்கப்படும். இளையராஜாவின் பாட்டுகளில் கூடுதல் கவனம் தேவை. தம் பாட்டுகள் அனுமதியின்றிப் பயன்படுவதை எதிர்த்து 2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே அறிவிப்பு அனுப்பியவர் அவர், 2025-ல் 'குட் பேட் அக்லி' படத்தில் தம் பாட்டுகள் இடம்பெற்றதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் சென்றார்.

இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம் என்றால், உரிமை தீர்ந்த சொற்களை எடுத்துக்கொண்டு மெட்டை நீங்களே அமைத்துவிடுங்கள். அம்மன் விழா என்பதால் அபிராமி அந்தாதியிலிருந்து நாலைந்து பாடல்கள் பொருத்தமாக இருக்கும். சந்தத் துள்ளல் வேண்டுமென்றால் திருவண்ணாமலை அருணகிரிநாதரின் திருப்புகழ் இருக்கிறது, அதை ஊர் ஊராகப் பாடிப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகளின் மலையும் காட்பாடிக்குப் பக்கம்தான். திருப்புகழின் சந்தமே தாளத்தைத் தந்துவிடுவதால் பீட் அமைப்பது எளிது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்: 'முத்தைத்தரு பத்தித் திருநகை' யாருக்கும் சொந்தமில்லாத பாட்டுத்தான், ஆனால் 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய அந்த மெட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். அந்தப் பாட்டைச் சொன்னதும் எல்லோர் வாயிலும் அந்த மெட்டே வரும் என்பதால், நீங்கள் வேறு பாட்டை எடுப்பது நல்லது.